பழைய கிற்றாரின் தேய்ந்த மேற்பூச்சு: யாழ்ப்பாணத்து ஈரத்திலும் உப்புக்காற்றிலும் அதைக் காப்பது எப்படி?

தேவாலயப் பாடகர் குழுவில் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்ட கிற்றார், வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து விட்டுப்போன கிற்றார், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு பூட்டிய வீட்டில் கிடந்து மீண்ட கிற்றார் என்று பழைய அக்கூஸ்ரிக் கிற்றார்கள் இங்கே பல வீடுகளில் உண்டு. அவற்றின் பூச்சு தேய்ந்ததும் முழுவதையும் தேய்த்துப் புதிதாக அடிக்கத்தான் பலருக்கும் முதலில் தோன்றும். மிஞ்சியிருக்கும் பழைய பூச்சைக் காத்து, மரம் வெளியே தெரியும் இடத்தை மட்டும் மெல்ல மூடுவதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நோக்கில் எழுதப்பட்டவை.

பூச்சுத் தேய்ந்தால் என்ன கெட்டுவிடும்? பார்வைக்குத்தானே குறை?

பார்வைக்கு மட்டும் என்றால் அப்படியே விட்டுவிடச் சொல்லுவோம். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வீங்கும், வெளியே விட்டுச் சுருங்கும். பூச்சு அதைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. பூச்சுப் போன இடத்தில் வியர்வை நேராக மரத்துக்குள் இறங்கும். வியர்வையில் உள்ள உப்பு காற்றிலிருந்து மேலும் ஈரத்தை இழுக்கும். குருநகர், பாசையூர், நாவாந்துறை போலக் கடலை ஒட்டிய ஊர்களில் காற்றே உப்பைக் கொண்டுவந்து படிய விடுகிறது. மேற்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் மரம். மென்மையான அந்த மரத்தின் தடிப்பு ஏறக்குறைய 2.5 முதல் 3 மில்லிமீற்றர்தான். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து நரைத்துப்போன நார், கம்பியை மீட்டும் சிறு வில்லையான பிக் பட்டதும் எளிதில் உதிரும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிற்றாரே சாட்சி. 1969 இல் அவர் வாங்கிய மார்ட்டின் என்-20 நைலோன் கம்பிக் கிற்றார். விரலால் வாசிப்பதற்கென்று செய்யப்பட்டதால், பிக் கீறாமல் பலகையைக் காக்கும் பிக்கார்ட் தகடு அதில் இல்லை. அவர் பிக்கால் வாசித்து வாசித்து ஒலித்துளைக்கும், கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. இன்றும் ஒலிப்பதற்குக் காரணம், தொடர்ந்து செய்யப்படும் பராமரிப்பு.

என் கிற்றாரில் உள்ளது எந்தப் பூச்சு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேறு எதையும் செய்யுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பூச்சுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சு.

முதலில் கண்ணால் பாருங்கள். கண்ணாடி போலத் தடித்து, அடிபட்ட இடத்தில் கூரான விளிம்போடு சில்லாகப் பெயர்ந்திருந்தால் அது பொலியூரித்தேன் அல்லது பொலியெஸ்டர். 1970களுக்குப் பின் ஆசியத் தொழிற்சாலைகளில் செய்த கிற்றார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். மஞ்சளாகி, தலைமுடி போன்ற நுண்கோடுகள் ஓடியிருந்தால் நைட்ரோசெலுலோஸ் லக்கர். மார்ட்டின் நிறுவனம் 1920களில் இதற்கு மாறியது. மிக மெல்லியதாக, கை படும் இடமெல்லாம் மங்கிப் போயிருந்தால் அரக்குப் பூச்சு, அதாவது பிரெஞ்ச் பொலிஷ். நல்ல கிளாசிக்கல் கிற்றார்களிலும் 1920களுக்கு முந்திய பலவற்றிலும் இது இருக்கும்.

பிறகு துளி வைத்துச் சோதிக்கலாம். கம்பியை முறுக்கும் ரியூனிங் கீயின் தகட்டைக் கழற்றினால் அடியில் ஒரு மறைவிடம் கிடைக்கும். பஞ்சுக் குச்சியில் எதனோல் அல்லது மெதிலேற்றட் ஸ்பிரிட்டைத் தொட்டு அங்கே வைத்து, 30 விநாடி கழித்து விரலால் தொடுங்கள். பசை போல ஒட்டினால் அரக்கு. ஒன்றும் ஆகவில்லையென்றால் வேறொரு குச்சியில் லக்கர் தின்னர் ஒரு துளி. இளகினால் நைட்ரோ, அசையாவிட்டால் பொலி வகை. நைட்ரோவும் ஸ்பிரிட்டில் சற்றே இளகும், ஆகையால் வெறும் மங்கலைப் பார்த்து அரக்கு என்று முடிவு கட்டவேண்டாம். தின்னரும் அசிற்றோனும் பழைய கிற்றார்களின் விளிம்புப் பட்டியையும் பிக்கார்டையும் கரைத்துவிடும். அவற்றின் அருகே குச்சியைக் கொண்டுபோகவே கூடாது.

ஊத்தையை எப்படி எடுப்பது? கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதாதா?

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல் நிலத்தில் உள்ளவை. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைச் சுண்ணாம்பு, பூச்சின் நுண்கோடுகளுக்குள்ளும் படியும். பற்றரிக்கு ஊற்ற விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்குங்கள். அதே தட்டில் பற்றரி அசிட்டும் இருக்கும், லேபிளைப் படித்து எடுங்கள்.

கம்பிகளைக் கழற்றிவிட்டு மெல்லிய பிறஷால் தூசியை முதலில் தட்டுங்கள். சோளகக் காற்று அள்ளி வரும் தூசி மணல் போன்றது, அதன் மேல் துணியை அழுத்தினால் கீறல் விழும். பழைய பருத்திப் பெனியன் துண்டை வடித்த தண்ணீரில் நனைத்து, தண்ணீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, உள்ளங்கையளவு இடத்தைத் துடைத்தவுடன் காய்ந்த துணியால் ஒற்றுங்கள். போகாத அழுக்குக்கு 250 மில்லிலீற்றர் தண்ணீரில் குழந்தை ஷாம்பூ இரண்டு துளி. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரம் வேண்டாம், அது காரம், அரக்கைக் கரைக்கும். மரம் வெளியே தெரியும் இடத்தில் ஈரத்துணி வைக்கவே வேண்டாம்.

கை எண்ணெயும் பழைய பொலிஷும் சேர்ந்து இறுகிய கறுப்புப் படலத்துக்கு நப்தா, அதாவது சிகரெட் லைற்றருக்கு ஊற்றும் திரவம் நல்லது. மூன்று வகைப் பூச்சையும் அது கரைக்காது. கதவு ஜன்னலைத் திறந்து, அடுப்பும் சாமி விளக்கும் இல்லாத இடத்தில் பயன்படுத்துங்கள். மண்ணெண்ணெயும் கரைக்கத்தான் செய்யும், ஆனால் எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுப்போகும். பிறகு பூசும் எதுவும் அதன் மேல் பிடிக்காது.

தேங்காயெண்ணெய் பூசினால் மினுங்குகிறதே?

ஒரு கிழமை மினுங்கும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் காய்ந்து இறுகாதவை. தூசியைப் பிடித்து, நாளாக நாளாகச் சிக்கெடுத்து நாறும். பூச்சில்லாத ஸ்புரூஸில் பட்டால் கறுத்த கறையாக உள்ளே இறங்கிவிடும், அதை முழுவதும் வெளியே எடுக்க வழியில்லை. தளபாடங்களுக்கு அடிக்கும் ஸ்பிரே பொலிஷும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் உள்ள சிலிக்கோன் வெடிப்புகளுக்குள் புகுந்து, பின்னாளில் பூசும் பூச்சை மீன்கண் போன்ற வட்டங்களாக விலகச் செய்யும்.

மரம் தெரியும் இடத்தை எதனால் மூடுவது?

அரக்கால். மெல்லியதாகப் பூசலாம், பெரும்பாலான பழைய பூச்சுகளோடு ஒட்டும். பிடிக்காவிட்டால் நாளைக்கே ஸ்பிரிட்டால் துடைத்தெடுக்கலாம், இதைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். கைபடும் இடத்தில் ஓரிரு வருடத்தில் தேயும். தேயும்போது மரம் அல்ல, அரக்குத்தான் போகிறது. மறுபடி பூசிக்கொள்ளலாம்.

மெழுகு நீக்கிய, வெளிர் நிற அரக்குச் செதில் 12 கிராம், 95 சதவீதத்துக்குக் குறையாத எதனோல் 100 மில்லிலீற்றர். கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி, இடைக்கிடை குலுக்கி ஓர் இரவு விடுங்கள். தகரப் பேணி வேண்டாம், இரும்பு பட்டால் அரக்கு கறுக்கும். மெழுகுள்ள செதில்தான் கிடைத்ததென்றால் போத்தலை இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுங்கள். பாமசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் இதற்கு உதவாது. தண்ணீரும் சிலவற்றில் ஆமணக்கெண்ணெயும் கலந்திருக்கும். பனஞ்சாராயத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் தண்ணீர், அரக்கு சரியாகக் கரையாது, பூச்சு வெளுக்கும். மெதிலேற்றட் ஸ்பிரிட் பயன்படுத்தினால் கையுறை போடுங்கள், அதில் மெதனோல் உண்டு.

போத்தலில் திகதி எழுதி ஒட்டுங்கள். கரைத்த அரக்கு நாள்பட நாள்பட இறுகும் தன்மையை இழக்கும், நம் வெப்பத்தில் இன்னும் விரைவாக. மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. சந்தேகமென்றால் கண்ணாடியில் ஒரு துளி வைத்து மறுநாள் நகத்தால் அழுத்துங்கள். நகத்தடம் பதிந்தால் கொட்டிவிடுங்கள். பிசுபிசுப்பான பூச்சுக்கு மேல் பூசி அதைச் சரிசெய்ய முடியாது.

பூசுமுன் அந்த இடத்தை நப்தாவால் துடையுங்கள். நப்தா ஈரமாக இருக்கும் சில நொடிகளில் மரம் எந்த நிறத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் அரக்குப் பூசியபின் வரப்போகும் நிறம். அந்தக் கருமை பிடிக்கவில்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அரத்தாள் போட்டு நரைத்த மரத்தை வெளுக்க வைக்க முயலவேண்டாம். ஒட்டுப்பலகைக் கிற்றார்களின் மேல் அடுக்கு அரை மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும், நாலு இழுப்பில் கீழடுக்கு தெரிந்துவிடும்.

நப்தாவை அரை மணித்தியாலம் காயவிட்டு, பஞ்சை உள்ளே வைத்துப் பழைய வேட்டித் துணியால் சுற்றிய சிறு பொட்டலம் ஒன்றைச் செய்யுங்கள். தேசிக்காயை விடச் சிறிதாக இருக்கட்டும். அரக்கில் தோய்த்து, கடதாசியில் ஒற்றி மிச்சத்தை எடுத்தபின், மரத்தின் இழை ஓடும் திசையில் ஒரே இழுப்பு. இழுத்த இடத்துக்குத் திரும்பப் போகக்கூடாது. பாதி காய்ந்த அரக்கைப் பொட்டலம் உரித்தெடுத்துவிடும், பெரும்பாலானோர் கெடுப்பது இந்த இடத்தில்தான். பழைய பூச்சின் மேல் 3, 4 மில்லிமீற்றருக்கு மேல் ஏறவேண்டாம். அந்தப் பூச்சும் அரக்காகவோ நைட்ரோவாகவோ இருந்தால் விளிம்பில் ஒரு தடவைக்கு மேல் இழுக்காதீர்கள், ஸ்பிரிட் அதை இளக்கும். ஒரு மணித்தியால இடைவெளியில் நாளுக்கு மூன்று பூச்சு, மறுநாளும் மூன்று. முதல் பூச்சை ஸ்புரூஸ் குடித்துவிடும், ஒன்றும் பூசாதது போலத் தெரியும். அதற்காக அடுத்ததைத் தடிப்பாக்க வேண்டாம். முடிந்தபின் ஒரு கிழமை வாசிக்காமல் விடுங்கள்.

எந்த மாதத்தில் இந்த வேலையைச் செய்வது?

மாசி, பங்குனி. வாடைக்காலத்து மழை ஓய்ந்திருக்கும், சோளகத் தூசி இன்னும் தொடங்கியிராது. காலை 10 மணிக்குப் பிறகு தொடங்கிப் பிற்பகல் 3 மணிக்குள் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம்.

மாதத்தை விட ஈரமானியை நம்புவது மேல். காற்றின் ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காத்திருங்கள். மலிவான டிஜிற்றல் மானிகள் பிழையாகக் காட்டும், வீட்டிலேயே சரிபார்க்கலாம். போத்தல் மூடியில் உப்பைப் போட்டு, சேறு போலாகும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு ஒரு பொலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டி 12 மணித்தியாலம் வையுங்கள். 75 காட்டவேண்டும். 81 காட்டினால் உங்கள் மானி 6 கூடச் சொல்கிறது.

பூசிய இடம் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. ஏன்?

ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். அங்கே காற்றின் ஈரம் படிந்து பூச்சுக்குள் அகப்படும். வெயிலில் காய வைக்காதீர்கள், ஈரம் குறைந்த அறையில் இரண்டு மூன்று நாள் வைத்தால் பலமுறை தானே தெளியும். தெளியாவிட்டால், காய்ந்த ஒரு நாளில் ஸ்பிரிட் மட்டும் தொட்ட பொட்டலத்தால், பறவைச் சிறகு படுவதுபோல ஒரே தடவை தடவுங்கள். இது அரக்குக்கு மட்டும். பழைய நைட்ரோவில் உள்ள வெள்ளைப் படலத்தில் இதைச் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கழுத்தின் பின்புறம் பிசுபிசுக்கிறது. கழுவினாலும் போகவில்லை.

நப்தாவால் துடைத்ததும் போனால் அது வெறும் கை அழுக்கு. போகாவிட்டால் நைட்ரோவே இளகிவிட்டது. வியர்வை ஒரு காரணம். சுவரில் மாட்டும் கொளுக்கியின் றப்பர், வைனில் பட்டி, ஸ்பொஞ்ச் ஆகியவை இன்னொரு காரணம். அவற்றிலுள்ள இளக்கிப் பொருள் பூச்சுக்குள் குடிபெயர்கிறது. தொடும் இடங்களுக்குப் பருத்தித் துணி சுற்றுங்கள்.

இளகிய படலத்தைச் சாம்பல்நிற நைலோன் தேய்ப்புத் துண்டால் நீளவாக்கில் மெல்லத் தேய்த்தெடுத்து, இரண்டு பூச்சு அரக்குப் பூசலாம். இரும்புப் பஞ்சு இங்கே வேண்டாம். அதன் தூள் மரத்தின் துளைகளில் தங்கி, உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கறும்புள்ளிகளாகும்.

ஒன்றைக் கூடுதலாகச் சொல்லவேண்டும். நுளம்புக்குப் பூசும் கிறீம்களில் உள்ள டீட் என்ற பொருள் நைட்ரோவையும் பிளாஸ்ரிக்கையும் இளக்கும். நுளம்புக் காலத்தில் கிறீம் பூசிய கையோடு வாசித்தால், முழங்கை படும் இடம் ஒரே மாலையில் கெடும். கையைக் கழுவுங்கள், அல்லது நீளக்கை உடுப்பு அணியுங்கள்.

மேலெல்லாம் நுண்கோடுகள். பலகை வெடிக்கிறதா?

பெரும்பாலும் பூச்சு மட்டுமே வெடித்திருக்கும். வயதான நைட்ரோ மரத்தோடு சேர்ந்து நீளவும் சுருங்கவும் முடியாமல் கோடுவிடும். அது மரத்தின் இழையைக் குறுக்கே வெட்டியும் ஓடும். மர வெடிப்போ இழையோடுதான் ஓடும். இருட்டறையில் ஒலித்துளைக்குள் சிறு ரோச் லைற்றை வையுங்கள், வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் அது மரம். பூச்சுக்கோடுகளை அப்படியே விடுங்கள். சுப்பர் குளூவை அதற்குள் ஊற்றுவது திரும்பப் பெறமுடியாத வேலை.

பொலி பூச்சில் சில்லு ஒன்று பெயர்ந்துவிட்டது.

இங்கேதான் சுப்பர் குளூவுக்கு இடமுண்டு. தண்ணீர் போன்ற மெல்லிய வகையைப் பல்லுக்குச்சியால் ஒரு துளி வைத்து, இரண்டு மணித்தியாலம் விட்டு அடுத்த துளி. பள்ளம் நிறைந்து சற்றே மேடானதும் ஒரு நாள் காயவிடுங்கள். சவர பிளேட்டின் இரு ஓரத்திலும் செலோரேப் ஒட்டி, நடுவில் 5 மில்லிமீற்றர் மட்டும் வெட்டும்படி விட்டுச் சுரண்டினால் சுற்றியுள்ள பூச்சில் கீறல் விழாது. பிறகு 1200, 2000 இலக்க அரத்தாள், இறுதியில் சிலிக்கோன் இல்லாத கார் கொம்பவுண்ட்.

தளபாடப் பட்டறையில் கொடுத்து முழுதாக லக்கர் அடித்தால் புதிதாகிவிடுமே?

நம் பட்டறைகளில் பிரெஞ்ச் பொலிஷ் போடத் தெரிந்த கைகாரர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கற்க நிறைய உண்டு. ஆனால் அலுமாரிக்கும் கிற்றாருக்கும் தேவை வேறு. மெசினால் தேய்த்து, மரத்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சான சாண்டிங் சீலரைத் தடிப்பாக அடித்து, மேலே லக்கர் ஏற்றினால் மேசை மினுங்கும். 2.5 மில்லிமீற்றர் மேற்பலகையில் அதே வேலை, பலகையைத் தேய்த்து மெலிய வைத்து, அதிரவேண்டிய பகுதியைச் சட்டை போட்டு அடக்கிவிடுகிறது. மூலப் பூச்சைக் களைந்த பழைய கிற்றாரின் விற்பனை விலையும் பெரிதாக விழும். எப்படியும் கொடுக்கவேண்டிய நிலையென்றால் மெசின், சீலர், நிறச்சாயம் மூன்றும் வேண்டாமென்று எழுதிக் கொடுங்கள்.

தேயும் இடத்தில் பிக்கார்ட் ஒட்டலாமா?

பொலி பூச்சென்றால் ஒட்டலாம். நைட்ரோ, அரக்கு மேல் ஒட்டும் பிக்கார்டின் பசை பூச்சோடு உருகிச் சேர்ந்துவிடும், கழற்றும்போது பூச்சும் கூட வரும். மெல்லிய பிக்குக்கு மாறுவதும் கையைச் சற்றே பின்னுக்கு எடுப்பதும் செலவில்லாத வழிகள்.

மழைக்காலத்தில் எங்கே வைப்பது?

வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், சுவர் ஈரத்தைப் பின்பலகை குடிக்கும். பெட்டிக்குள் வைத்தால் 200 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் கட்டி, உடலைத் தொடாதபடி தலைப்பக்கத்தில் வையுங்கள். நிறம் மாறியதும் 120 பாகை செல்சியஸ் அவனில் இரண்டு மூன்று மணித்தியாலம் வைத்தெடுத்தால் திரும்பப் பயன்படும். 45 முதல் 55 சதவீதம் என்று புத்தகங்கள் சொல்லும் ஈரப்பதனை இங்கே எட்டுவது கடினம். 60 ஐத் தாண்டாமல், ஏறி இறங்காமல் வைத்திருந்தாலே போதும்.

பூச்சி உருண்டையும் கற்பூரமும் பெட்டிக்குள் வேண்டாம். செலுலோயிட் தயாரிக்கும்போது அதை இளக்கச் சேர்ப்பதே கற்பூரம்தான், நைட்ரோவையும் அப்படியே இளக்கும். பூஞ்சணம் பிடித்துவிட்டால் முகக்கவசம் அணிந்து முற்றத்து நிழலில் காய்ந்த பிறஷால் தட்டி, ஒரு பகல் காற்றாட விடுங்கள். பெட்டியின் உட்துணியையும் அன்றே காயவையுங்கள், மறுபடி வருவது அங்கிருந்துதான்.

எப்போது பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகவேண்டும்?

பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாள் கடதாசி உள்ளே நுழைந்தால். பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை முன்பிருந்ததைவிட மேடிட்டிருந்தால். ரோச் லைற்றில் வெளிச்சக் கோடு தெரிந்தால். இந்த மூன்றில் எது இருந்தாலும் பூச்சு வேலையைத் தொடங்காதீர்கள், அரக்கு வெடிப்புக்குள் இறங்கினால் பின்னர் பசை பிடிக்காது. கம்பிகளை ஒரேயடியாக அறுக்காமல், எல்லாவற்றையும் கொஞ்சங்கொஞ்சமாகச் சுற்றுச்சுற்றாகத் தளர்த்திவிட்டுக் கொண்டுபோங்கள்.